புகார்க் குழுவில் மாணவர்கள் எங்கே?

சேலத்தில் அக்கா மகள் படிக்கும் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் பட்டியலைப் பார்த்தேன். தேர்வுக் கட்டண அறிவிப்பு பாதியை மறைத்திருந்தது, தெரிந்த பெயர்களில் ஒன்றுகூட மாணவருடையது அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளோ, மாணவர் தொடர்பான புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும் என்றும், விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்கின்றன.

சம்மதம் பற்றிய பேச்சு இன்னும் மோசம். ஏற்காட்டுக்குச் சுற்றுலா புறப்படும் முன் பெண்களிடம் மட்டும் "கவனமாக இருங்கள்" என்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டவள் தோளில் கை போடவும் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று பையன்களிடம் யாரும் சொல்வதில்லை. அதை முதலாண்டுத் தொடக்க வகுப்பிலேயே, சுற்றிவளைக்காமல், பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.