அவருடைய ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக

பொருத்தனை பண்ணுவது, அதாவது ஆண்டவரிடம் நேர்ந்துகொள்வது, பெரும்பாலும் தனியாகத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், தூக்கம் வராத ராத்திரியில், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில். அதைச் செலுத்துவது மட்டும் தனியாக ஆகிற காரியம் இல்லை. 116-ஆம் சங்கீதக்காரன் மரணக்கட்டுகளிலிருந்து தப்பி வந்தவன். கர்த்தருடைய ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகச் செலுத்துவேன் என்று ஒரே சங்கீதத்தில் இரண்டு தடவை சொல்கிறான். வீட்டுக்குள் முழங்கால்போட்டு நன்றி சொல்லி முடித்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

வருஷத்துக்கு ஒருதரம் தூரத்துத் திருத்தலத்துக்குப் போனால் யாத்திரை என்கிறோம். வருஷத்தின் 52 ஞாயிறும் ஆலயத்துக்குப் போய்வருகிறதற்கு அந்தப் பேர் கிடையாது. இரண்டில் கடினம் எது என்று இரண்டையும் செய்தவர்களுக்குத் தெரியும்.

இந்த யாத்திரை சனிக்கிழமை ராத்திரியே தொடங்குகிறது. மறுநாள் வாசகங்களை ஒருதரம் படித்துவிட வேண்டும். காணிக்கையைக் கவரில் போட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிட வேண்டும். பிள்ளைகளின் செருப்பு ஜோடியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. ஞாயிறு காலையில் வீட்டில் சண்டை மூளுவதற்குப் பிசாசைக் குற்றம் சொல்கிறோம், காரணம் பல வீடுகளில் காணாமல்போன ஒற்றைச் செருப்புதான்.

ஆரம்பிக்க 15 நிமிஷம் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மூச்சும் மனசும் அடங்கும். 10 நிமிஷம் பிந்தினால், பாவ அறிக்கையை முதலிலேயே வைத்திருக்கிற சபைகளில் அது முடிந்துபோயிருக்கும். எல்லாரும் மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டு எழுந்திருக்க, வீட்டுச் சண்டையின் சூட்டோடு நாம் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் கூச்சப்படாமல் முன்வரிசைக்குப் போகலாம். கடைசிப் பெஞ்சில் இருக்கிற குழந்தைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டுந்தான், சிணுங்காமல் என்ன செய்யும்?

பண்டிகை நாள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கைப்பையை வைத்து நாலு பேருக்கு இடம் பிடிக்கிறவர்கள், திருவிருந்து நேரத்தில் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்கள், ஆசீர்வாதம் கூறுமுன்னே வண்டியை எடுக்க ஓடுகிறவர்கள். அறிவிப்புகளோ பிரசங்கத்தோடு போட்டி போடும் நீளம். பிரசங்கமே சப்பென்று போகிற ஞாயிறும் உண்டு. அப்போதும் வாசகங்கள் மிச்சம் இருக்கின்றன. மூன்று வருஷ வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில் ஒரு ஞாயிறு தவறினால், அந்த நாளின் சுவிசேஷப் பகுதி அந்த முறையில் திரும்பி வர 3 வருஷம் ஆகும்.

படுக்கையில் இருப்பவருக்கு நேரலை ஆராதனை பெரிய உதவி. நடமாட முடிந்தவருக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது, அதுதான் ஆபத்து: பிரசங்கம் சுடுகிற இடத்தில் அணைத்துவிடலாம்.

போவது நின்றுபோவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் வாரம் உடம்புக்கு முடியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கல்யாணம். மூன்றாவது வாரத்துக்குக் காரணமே தேவைப்படுவதில்லை. நாலாவது வாரம் மனசு இழுக்கும், ஆனால் "ஆளையே காணோமே" என்கிற விசாரிப்பை நினைத்ததும் கால் பின்வாங்கும். எத்தனையோ பேரைத் திரும்ப வரவிடாமல் வைத்திருப்பது அவிசுவாசம்கூட இல்லை, இந்த வெட்கம். விளக்கம் எதுவும் தயார் பண்ணாமல் அடுத்த ஞாயிறே போய் உட்கார்ந்துவிடுவதுதான் வழி. கி.பி. 304-இல் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊர் விசுவாசிகள், கூடிவருவதற்கு அரசன் போட்ட தடையை மீறிப் பிடிபட்டார்கள். விசாரணையில் அவர்கள் சொன்னது, ஞாயிறு ஆராதனை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்பது. நமக்குத் தடை, ஒரு கேள்வி.

இயேசுவின் சீஷரான தோமாவும், உயிர்த்தெழுந்த ஆண்டவர் மற்றச் சீஷர்களுக்குத் தோன்றின ஞாயிறு சாயங்காலம் இல்லாமல்போனவர்தான். ஏன் என்று யோவான் எழுதவில்லை. அந்த வாரத்தில் அவர் தனியாக இருந்த வேளைகள் எத்தனையோ இருந்திருக்கும். ஆண்டவர் அப்போதெல்லாம் வராமல், எட்டு நாள் கழித்து, தோமாவும் மற்றவர்களோடு வீட்டுக்குள்ளே இருந்தபோது வந்து காயங்களைக் காட்டினார். நம்ப மாட்டேன் என்று சொன்னவரையும் மற்றப் பத்துச் சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்ல நாக்கு எழாத வாரங்கள் யாருக்கும் வரும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்லட்டும், நாம் நின்றால் போதும்.

பிறகு திருவிருந்து வாங்கும் அந்த இடம். பலிபீடத்துக் கிராதியின் முன்னால் முழங்கால்போட்டு, இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை ஏந்துகிறோம். இந்த அப்பத்தை நாமே எடுத்துக்கொள்வதில்லை, இன்னொருவர் கையிலிருந்துதான் வாங்குகிறோம். வலப்பக்கத்துத் தோள், நாம் ஆறு மாதமாகப் பேசாத ஒருவருடையதாக இருக்கலாம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினது இந்தப் பந்தியைப் பற்றித்தான். பாத்திரம் அவரிடமிருந்து நம்மிடம் வருகிறது. ஆண்டவரே, எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தீரே! சுதி சேராமல் பாடுகிற அந்த அண்ணனுக்காக ஸ்தோத்திரம். இடம் பிடித்த கைப்பைக்காரம்மாவுக்காகவும் ஸ்தோத்திரம், அவர்கள் பிடித்துவைத்தது நடக்க முடியாத மாமியாருக்கு என்று இப்போதுதானே தெரிகிறது.

ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமில் யுஸ்தீன் என்கிற கிறிஸ்தவப் போதகர் ஞாயிறு ஆராதனையை விவரித்திருக்கிறார்: வாசகம், பிரசங்கம், எல்லாரும் எழுந்து ஜெபம், அப்பமும் திராட்சரசமும், ஏழைகளுக்கான காணிக்கை. வரமுடியாதவர்களுக்குரிய பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே கொண்டுபோக முடியும்? ஆராதனை முடிந்து, ஆயர் கையில் சிறு பெட்டியோடு படியிறங்கும்போது, மூன்றாம் பெஞ்சின் ஓரத்து இடம் இன்றைக்குக் காலியாக இருந்ததை ஒருவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.