செங்கால் உத்தரத்தின் உள்ளே: மீயொலிச் சோதனை இதுவரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் செங்கால் என்ற வன்மரத்தில் செய்த பழைய உத்தரம் ஒன்று. லேசில் உளுத்துப்போகாத மரம்தான். ஆனால் சுவருக்குள் பதிந்த முனை பல வருடமாக மழை ஒழுகலில் நனைந்திருக்கிறது. வெளியே குறை எதுவும் தெரியவில்லை. மாற்றுவதா, விடுவதா என்று கமிட்டிக்குக் குழப்பம். அறுக்காமலே கண்டுபிடிக்கத்தான் இதில் இறங்கினேன்.

பொருள்களைக் கழுவும் மீயொலித் தொட்டிகளில் வரும் 40 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர் இரண்டு வாங்கினேன். ஒன்று அலையை அனுப்பும், எதிர்ப்பக்கத்தில் இருப்பது வாங்கும். துடிப்பு ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து, அலை வந்து சேரும் நேரத்தை மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்க்கிறேன். மருத்துவமனை ஸ்கேனில் உள்ள மெகாஹெர்ட்ஸ் அலை மரத்துக்குள் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண். டிரான்ஸ்டியூசருக்கும் மரத்துக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் அலை திரும்பிவிடும், அதனால் அந்த இடைவெளியை எதையாவது தடவி அடைக்க வேண்டும். கிரீஸ் தடவினால் கோயில் மரத்தில் கறை படியும் என்று ஸ்கேன் ஜெல்லையே எடுத்துக்கொண்டேன், துடைத்தால் போய்விடுகிறது.

முதலில் பட்டறையில் உள்ளே உளுத்த ஒரு கட்டையில் பழகினேன். அங்கே கண்டதுதான் எனக்கு முக்கியம். நார் ஓடும் திசையில் நல்ல மரத்தில் அலை விநாடிக்கு 4000, 5000 மீட்டர் போகும். குறுக்கே 1000 முதல் 2000 வரைதான். நீளவாக்கில் அளந்தால் கட்டை முழுசாக நன்றாக இருப்பதுபோல் காட்டியது. வெளிப்பக்க நல்ல மரம் வழியாகவே அலை ஓடி முதலில் வந்துவிடுகிறது! குறுக்கே அளந்தபோதுதான் தாமதம் தெரிந்தது, உளுத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால். விரிசல் அலையின் போக்கிலேயே நீண்டு கிடந்தால் குறுக்கு அளவிலும் மாட்டாது. அதனால் பக்கவாட்டில் ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை.

அப்புறம் உத்தரத்துக்கு வந்தேன். 150 மில்லிமீட்டர் அகலம். நடுப்பகுதியில் குறுக்கே 85 மைக்ரோ விநாடி, சுவர் ஓரத்தில் 130. ஈரமான மரத்திலும் அலை மெதுவாகும் என்பதால் இதை மட்டும் வைத்து உளுத்தது என்று சொல்ல மனம் வரவில்லை. கமிட்டி சம்மதித்ததும் ஆசாரி அண்ணன் மெல்லிய துளை ஒன்று போட்டார். "தம்பி, பிடிமானமே இல்ல, உள்ள போயிடுச்சு," என்றார். தூள் கறுப்பாக, ஈரமாக வந்தது.

இப்போது 10 சென்டிமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, நேரம் எங்கே 85க்குத் திரும்புகிறது என்று தேடுகிறேன். அந்த எல்லை சுவரிலிருந்து அரை மீட்டருக்குள் நின்றால், முனையை மட்டும் வெட்டிப் புதுச் செங்கால் இணைக்கலாம் என்கிறார் ஆசாரி அண்ணன்.