உடைந்த சாடிகளால் எழுந்த குன்று

ரோமில் பிரமிதே மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால், புல்லும் புதரும் மண்டிய ஒரு குன்று வரும். பெயர் மோந்தே தெஸ்தாச்சோ. உயரம் சுமார் 35 மீட்டர். பாறையே கிடையாது, அத்தனையும் மண்சாடி ஓடு! நினைத்த நேரத்தில் ஏற முடியாது என்பதால் முன்பதிவு செய்துகொண்டு போனோம்.

காலை வைக்கும் இடமெல்லாம் கலகலவென்று ஓடு சரிந்தது. ஓரத்தில் கிடந்த ஒரு கைப்பிடியைக் குனிந்து பார்த்தேன். என் மணிக்கட்டை விடத் தடிமன். அதில் அழுத்திய முத்திரையில் மூன்று எழுத்துகள் மட்டும் தேயாமல் இருந்தன. தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன்.

எல்லாம் பண்டைய ரோமானியர் காலத்தில் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள். பெரும்பாலானவை தெற்கு ஸ்பெயினிலிருந்து கப்பலேறியவை, கொஞ்சம் வட ஆப்பிரிக்காவிலிருந்து. உருண்டை வயிறுள்ள ஸ்பெயின் சாடி ஒன்று காலியாகவே சுமார் 30 கிலோ. உள்ளே சுமார் 70 கிலோ எண்ணெய் பிடிக்கும். டைபர் ஆற்றங்கரையில் எண்ணெயை இறக்கியதும் சாடியை உடைத்துவிடுவார்கள். ஏன் கழுவி மறுபடி பயன்படுத்தவில்லை? திராட்சை மது வரும் சாடிக்கு உள்ளே கீல் என்னும் தார் பூசியிருக்கும், அதனால் மண்ணில் எதுவும் ஊறாது. எண்ணெயோடு கீல் ஒத்துப்போகாது. பூசாத மண்ணில் எண்ணெய் ஊறிச் சிக்கு வாடை பிடித்துவிடும். அப்புறம் அந்தச் சாடி எதற்கும் ஆகாது. இங்கே கொட்டி, வாடை அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். இப்படிக் குவிந்தவை 5 கோடிக்கு மேல் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு.

என்னை உலுக்கியது அந்தச் சாடிகளின் மேல் இருந்த எழுத்துதான். 1872 முதல் இங்கே ஆராய்ந்த ஹைன்ரிஷ் டிரெஸ்ஸல் அவற்றைப் படித்துத் தொகுத்தார். வெறும் சாடியின் எடை, எண்ணெயின் எடை, வணிகர் பெயர், சரிபார்த்தவர் குறிப்பு, எந்த ஆண்டு என்பது வரை மையால் எழுதியிருக்கிறார்கள். இன்றைய லேபிளில் நாம் தேடுவதும் ஏறக்குறைய இவைதானே!

உணவை அடைத்து வைத்த கதையைப் பலரும் 1810-இலிருந்து தொடங்குவார்கள். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்த நிக்கோலா அப்பேருக்கு பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் கொடுத்தது அப்போதுதான். அதே ஆண்டு பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்கும் காப்புரிமை வாங்கினார். சரி, அவை பெரிய சாதனைகள். என்னைக் கேட்டால் இந்தக் குன்றிலிருந்துதான் தொடங்குவேன். எடை, தேதி, ஊர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது என எல்லாமே இங்கே இருக்கின்றன.

இறங்கியதும் அடிவாரத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம். பிற்காலத்தில் இந்தக் குன்றைக் குடைந்துதான் மது வைக்கும் நிலவறைகள் அமைத்தார்கள். ஓடுகளுக்கிடையே காற்று புகுந்து வருவதால் கோடையிலும் உள்ளே குளிர்ச்சி. எங்கள் மேசைக்குப் பின்னால் சுவருக்குப் பதில் கண்ணாடி. அதற்கு அப்பால், தரையிலிருந்து கூரை வரை, அடுக்கடுக்காகச் சாடி ஓடுகள்.