கைரளி படிக்கட்டில் ஒரு நாள்

நாகர்கோவிலில் விடியற்காலை ரயில் பிடித்தால், திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி நடந்தே கைரளி தியேட்டருக்குப் போய்விடலாம். ஒவ்வொரு டிசம்பரும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு இப்படித்தான் போகிறேன். 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கிய விழா இது.

முதல் படம் சுமார், அதை விடுங்கள். அடுத்தது ஈரானியப் படம். சீட் இல்லை, ஓரப் படியில் உட்கார்ந்தேன். திரையில் ஒரு வயதான அம்மா துணியில் ரொட்டியை வைத்து முடிச்சுப் போடுகிறார். கொஞ்சம் யோசிக்கிறார். முடிச்சை அவிழ்த்து இன்னொரு ரொட்டி வைக்கிறார். வசனமே கிடையாது. அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.

வெளியே படிக்கட்டு முழுக்க அதே பேச்சு. கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரச் சேட்டன் சொன்னார்: மகன் திரும்பி வரவே இல்லை, வந்துவிட்டதாக அம்மாதான் நினைத்துக்கொள்கிறாள். அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது ரொட்டி புரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது.

விழாவின் சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரம் விருது என் கையில் இருந்தால், அந்த முடிச்சுக்கே கொடுப்பேன்.

அப்புறம் டாகூர் தியேட்டரில் இரண்டு படம். ராத்திரி நிசாகந்தி திறந்தவெளி அரங்கு. பனி இறங்கியது, கடைசி எழுத்து ஓடி முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.