ராடு மட்டும்தான் கேள்வியா?

"308 வெல்டிங் ராடுலயே போட்டு முடிச்சிடலாமா தம்பி?" என்று வெல்டர் அண்ணன் கேட்டார், நான் வேண்டாம் என்றேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு.

ஜாக்கெட் (வெளிச்சுற்று உறை) வைத்த பால் டேங்க். உடம்பு முழுக்க 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.), கால்கள் மட்டும் மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு (எம்.எஸ்.) பைப். கால்களை நேராக ஷெல்லில் (டேங்கின் உடம்புத் தகட்டில்) ஒட்டாமல் நடுவில் பேட் பிளேட் என்று ஒரு எஸ்.எஸ். தகடு வைத்திருந்தோம். பேடும் ஷெல்லும் சேருமிடத்தில் 308எல் (கார்பன் குறைந்த 308) சரி. பேடும் காலும் சேருமிடத்துக்கு 309எல் வேண்டும். அது ஸ்டோரில் தீர்ந்திருந்தது.

நான் சொன்ன காரணத்தில் தப்பில்லை. எம்.எஸ். உருகிக் கலந்தால் வெல்டில் குரோமியமும் நிக்கலும் குறைந்துவிடும். 308ல் இருப்பதே சுமார் 20 சதவீதமும் 10 சதவீதமும்தான். மார்ட்டன்சைட் என்ற கடினமான, நொறுங்கும் அமைப்பு உருவாகி விரிசல் விடலாம். 309ல் சுமார் 24, 13 என்று கூட்டி வைத்திருப்பதே இந்த இழப்பைத் தாங்கத்தான். போதாததற்கு, சூடேறும்போது எம்.எஸ். விரிவதைப்போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு எஸ்.எஸ். விரியும்.

"நான் 308ல போட்ட கால் எதுவும் இதுவரை உடையல" என்றார். உடைந்திருந்தால் யார் வந்து அவரிடம் சொல்லியிருப்பார்கள்? நல்லவேளை, அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்புறம்தான் அதைச் சொன்னார். "காஸ்டிக்கும் ஆசிட்டும் ஓடுற தரையில எம்.எஸ். கால் நிக்கப்போகுது. பெயிண்ட் உரிஞ்சா அடியிலேர்ந்து துரு ஏறும். அதை யாரும் கேக்கல. நீங்க ராடைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

எம்.எஸ். கால் வாடிக்கையாளர் கேட்டது. டிராயிங்கில் அவர் கையெழுத்து இருக்கிறது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, ராடு விஷயத்தில் இருந்தது. இந்தப் பதில் பகலில் எனக்குப் போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் என் சொல் செல்லுகிற இடத்தில் மட்டும் கறாராக இருப்பதற்குத் தரம் என்றா பேர்? அண்ணன் ஒன்றும் அலட்சியமான ஆள் இல்லை. எம்.எஸ்ஸில் ஓடிய கிரைண்டிங் வீலை எஸ்.எஸ். பக்கம் எடுத்துப்போன ஹெல்ப்பரை நான் பார்ப்பதற்கு முன்பே அதட்டியவர் அவர்தான். இரும்புத் துகள் ஒட்டினால் எஸ்.எஸ்ஸிலும் துருப்புள்ளி வரும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

309 மறுநாள் வந்தது. டெலிவரி தள்ளிப்போனதற்கு முதலாளி கத்தினார். அண்ணன்தான் போட்டார், நல்ல வெல்டு. அவருக்கு என்மேல் வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தாலும் ராடை மாற்றியிருக்க மாட்டேன்.

இப்போது கொட்டேஷனில் எஸ்.எஸ். காலுக்குத் தனி விலை போட்டு ஒரு வரி சேர்க்கிறேன். பெரும்பாலும் அதை அடித்துவிட்டுத்தான் ஆர்டர் வருகிறது. நானும் மேற்கொண்டு பேசுவதில்லை.