கதவில் செருகியிருந்த நாக்கு

"ரோபோ நின்னுட்டுத்தானே சார் இருந்துச்சு?" என்றார் ஆபரேட்டர் அண்ணன். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெல்டிங் செய்ய வேண்டிய பாகம், அதைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில் கோணலாக உட்கார்ந்திருந்தது. ரோபோவைச் சுற்றியிருக்கும் வேலிக்குள் போய்க் கையால் தட்டினார். அது சரியாக அமர்ந்ததும் சென்சாரில் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. ரோபோ காத்திருந்ததே அந்த சிக்னலுக்குத்தான். அதன் கை இறங்கியது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்தேன். வெல்டிங் கன் அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கதவைத் திறந்தாலே மோட்டார்களுக்கு மின்சாரம் போகக் கூடாது. கதவிலுள்ள உலோக நாக்கு இன்டர்லாக் சுவிட்சை விட்டு வெளியே வந்தால் துண்டித்துவிடும். ஆனால் அந்த சுவிட்சில் யாரோ வேறொரு நாக்கைச் செருகி வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தும் ரோபோவுக்கு அது மூடிய கதவுதான்.

புரோகிராம் எழுத நாங்கள் உள்ளே போகும்போது வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாது. ரோபோவை இயக்கக் கையில் வைத்திருக்கும் டீச் பென்டன்ட்டில் விரலடியில் உள்ள சுவிட்சை விட்டாலும் நிற்கும், பதறி இறுக்கினாலும் நிற்கும். அவர் போனது ரோபோ தானாக ஓடும் ஆட்டோ மோடில், வெறுங்கையோடு.

1979-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி, பாகம் எடுக்கப் போன இடத்தில் ரோபோவின் கை மோதி இறந்தார். பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்பவன் நான். அந்த நாக்கை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே போனவனும் நான்தான். கதவு பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு, உண்மைதான். கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ரீசெட் செய்து மறுபடி ஓட்ட வேண்டும், ஷிஃப்டின் உற்பத்தி எண்ணிக்கை விழும், அதுவும் உண்மைதான். இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், மனது கேட்க மாட்டேன் என்கிறது.

விசாரணைக்கு முன்னால் ஆபரேட்டர் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "தினமும் இந்தப் பக்கமாத்தானே சார் போனீங்க?"

"கவனிக்கலைண்ணே."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பாதுகாப்பு மீறல் என்று அறிக்கை எழுதினேன். எழுதியது அத்தனையும் நடந்ததுதான். நான் பார்த்ததை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அவரை பேக்கிங்குக்கு மாற்றியிருப்பார்கள் என்று சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

அப்புறம் ஃபிக்ஸ்சரைப் பிரித்துப் பார்த்தேன். பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பாகம் கோணலாக உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். மாற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.