நாகலிங்க மரத்தடியில்

வாட்சாப் குழுக்களும் அலுவலக அழைப்புகளும் ராத்திரி வரை விடாத நாட்களில், மறுநாள் விடிந்ததும் தண்ணீர்மலைப் பக்கம் போய்விடுவேன். கைப்பேசி வண்டியிலேயே கிடக்கும். அங்கே இருப்பது மலேசியாவின் பினாங்கு தாவரவியல் பூங்கா, 1884-இல் பழைய கல்லுடைக்கும் இடத்தில் ஆங்கிலேயத் தாவரவியலாளர் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது.

நான் உட்காருவது நாகலிங்க மரத்துக்குப் பக்கத்தில். பூ கிளை நுனியில் வராது. அடிமரத்திலிருந்தே தொங்கும் தண்டுகளில் பூக்கும். தடித்த சிவந்த இதழ்கள், நடுவில் படமெடுத்த நாகம்போல் வளைந்த மகரந்தக் கூட்டம். கீழே விழுந்ததை எடுத்து முகர்ந்தால் போதும், இறுகிக் கிடந்த தோள் தானாகத் தளரும். சிவனுக்குச் சாத்தும் பூ, எனக்கு மருந்தாகவும் ஆகிவிட்டது.

அப்புறம், போகிறவர்கள் தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள். குரங்குகள் பையோடு பிடுங்கிவிடும்.